நாலாவது தகவலாளி

ஜூலை 8, செவ்வாய்

இல்லை, அழவில்லை. கண் எரிந்தது, அவ்வளவுதான். டிபார்ட்மென்ட் பாத்ரூமில் ஃபினாயில் அதிகம்.

காலையிலிருந்து தூறல். குடை எடுக்கவில்லை. செருப்பு ஊறிவிட்டது.

என் பிஎச்.டி. ஆய்வின் முதல் அத்தியாய வரைவு திரும்பி வந்தது. கைடு மேடம் (இனி ம.) படித்து முடித்துவிட்டார். திரையின் வலது ஓரம் முழுக்க மஞ்சள் பெட்டிகள், ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு. என் எழுத்தைவிட அவர் எழுத்து அதிகமோ என்று தோன்றியது. கமெண்ட் எல்லாம் ஆங்கிலம். அத்தியாயமே ஆங்கிலம்தானே. தமிழில் எழுதிப் பார்க்கிறேன், சூடு குறைகிறதா என்று.

"இது ஆய்வா, அனுதாபமா?"

"ஆதாரம்?"

"மறுபடியும், ஆதாரம்?"

"இந்தப் பத்தி வேண்டாம்." இரண்டு பெட்டி தள்ளி: "இந்தப் பக்கமே வேண்டாம்."

"உன் பெண்கள் எல்லோரும் கலெக்டருக்கு மனு கொடுப்பதுபோலப் பேசுகிறார்கள்."

"நீ எங்கே நிற்கிறாய்?"

குறையவில்லை. தமிழில் இன்னும் சுடுகிறது.

பெங்களூர் இந்திராநகர் அபார்ட்மென்ட்களில் வீட்டுவேலை செய்யும் பெண்களைப் பற்றிய அத்தியாயம். கேட்டில் செக்யூரிட்டியின் கையில் ஒரு ஆப். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு எண். எண்ணைச் சொன்னால்தான் உள்ளே விடுவார்கள். வீட்டுக்காரர் போனில் மணி அடிக்கும், உங்கள் ஆள் வந்துவிட்டார் என்று. பிடித்தால் ஐந்து ஸ்டார், பிடிக்காவிட்டால் குறைவு. அதைப் பார்த்துத்தான் அடுத்த வீட்டில் கூப்பிடுவார்கள். ஏழு பேரிடம் பேசி எழுதினேன். தகவலாளி 1, தகவலாளி 2, இப்படி. எல்லோரும் மர்பி டவுன்.

நானும் மர்பி டவுன். "ஆய்வாளர் களத்துக்குள் நுழைந்தபோது" என்று இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. களம் என்றால் எங்கள் தெரு. நுழைந்தேனாம்.

தகவலாளி 4 அம்மா.

ம.வுக்குத் தெரியாது. வீடு எங்கே என்று சேர்ந்த புதிதில் கேட்டார். அல்சூர் பக்கம் என்றேன். பொய்யில்லை.

அடுத்த புதன் கமிட்டி. ம. கையெழுத்துப் போட்டால்தான் அத்தியாயம் அவர்களிடம் போகும். போகாவிட்டால் ஆறு மாதம் தள்ளும். ஃபெலோஷிப் நீட்டிப்பும் அதோடு தொங்கும்.

திரும்பும் பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு ஐ.டி. பையன்கள், கழுத்தில் கம்பெனி அட்டை, திருநெல்வேலிப் பேச்சு. "மேனேஜர் ஃபீட்பேக் இருக்குன்னாலே வயித்தக் கலக்குதுலே." "எனக்கு மட்டும் என்னவாம். 'பாசிட்டிவா எடுத்துக்கோ'ன்னு ஆரம்பிச்சான்னு வையி, சோலி முடிஞ்சுது." இருவரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஜூலை 9, புதன்

மேகம். மழை இல்லை. தலைவலி.

கமெண்ட்களைத் திறக்கவில்லை. மெயில் பார்த்தேன். பேனா ரீஃபில் வாங்கினேன். மேசை துடைத்தேன். பக்கத்து மேசையையும்.

அறையில் நாங்கள் மூன்று பேர். நான், சிவாஜிநகர் நஸ்ரீன், அனிருத். மூவருக்கும் ம.தான் கைடு. அனிருத் வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டக் குறிப்புகளைப் பற்றி எழுதுகிறான். எந்தச் செடி எந்தக் கப்பலில் வந்தது. அவன் வரைவும் நேற்றுத்தான் வந்தது. எழுந்து டீக்குப் போனபோது திரையை மூடவில்லை. பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. நாலைந்து பெட்டிகள். "அழகு." "இதை இன்னும் விரிக்கலாம்." "அழகு."

அவன் எங்கே நிற்கிறான் என்று ஒரு பெட்டியும் கேட்கவில்லை. அவன் தாத்தா எந்தத் தோட்டத்தில் என்னவாக இருந்தார், யார் வீட்டு வாசலில் எந்தச் செடி, எதுவும் வேண்டாம். செடி போதும்.

நஸ்ரீனிடம் சொன்னேன். அவள் டிபனைத் திறந்தபடி:

"அரே, அவன் எங்க நிக்கிறான்னு எதுக்கு கேப்பாங்க? அவன் நிக்கிற எடத்துக்குப் பேருதான் தரை. நீயும் நானும் நிக்கிறதுதான் எடம்."

"இத எழுதட்டுமா?"

"நக்கோ மா, எழுதாத. எனக்கு வேணும். என் மூணாவது சாப்டர்ல போடுவேன்."

அவளுடைய கீமா தோசையில் பாதி எனக்கு. கோபத்தில் நன்றாகச் சாப்பிட முடிகிறது. யாரும் இதைச் சொல்வதில்லை.

ம.வுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். "நான் மர்பி டவுனில் ஒரே அறையில் வளர்ந்தவள், என் தாய் ஒரு வீட்டுவேலைத் தொழிலாளி" என்று ஒரு பத்தி. அப்போது அத்தியாயம் முழுவதும் வேறு வெளிச்சத்தில் தெரியும். தலையைச் சாய்த்துப் படிப்பார்கள். "துணிச்சல்" என்று ஓரத்தில் எழுதுவார்கள். தவறு இருந்தால்கூடக் கேட்க மாட்டார்கள்.

எனக்குத் துணிச்சல் வேண்டாம். "அழகு. இதை இன்னும் விரிக்கலாம்." அது வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

தண்ணீர் வரும் நாள். பிடித்து வைத்துவிட்டு டிபார்ட்மென்ட் போகவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து மனு கமெண்டை எடுத்தேன். ஒரு பதில் தயார் செய்ய. ஒலிப்பதிவு இருக்கிறது மேடம், இவர்கள் பேசியதைத்தான் எழுதினேன் மேடம், என்று ஆரம்பித்து.

நாலாவது தகவலாளியின் மேற்கோள், அத்தியாயத்தில்: "என் கண்ணியத்தை ஓர் இயந்திரம் எடைபோட்டதாக உணர்ந்தேன்." ஆங்கிலத்தில் கம்பீரமாக இருக்கும்.

ஒலிப்பதிவில் அம்மா: "பெரிம்மா சாவுக்கு ரெண்டு நாள் போனதுக்கு மூணு ஸ்டார் போட்டுக்கீறாடி அவ. நா இன்னா ஓட்டலா? துன்னுட்டுப் போறவன் ஸ்டார் போடறதுக்கு? சாம்பார்ல உப்பு கம்மின்னும் எழுத வேண்டிதுதான. ஏய், பால் பொங்குது பாரு, சிம்ல வை, மொதல்ல அத அணைச்சிட்டு வந்து எழுது."

பாலும் சிம்மும் எனக்கு மறந்துபோகவில்லை. நானே வெட்டியவை. ஓட்டலையும் நான்தான் வெட்டினேன். "கண்ணியம்" மட்டும் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அது அந்த அறையிலேயே இல்லை.

ம. சொன்னது சரி.

இதை எழுதுவதற்குள் மூன்று முறை எழுந்து உட்கார்ந்தேன். சரி என்பதால் கோபம் போகும் என்று யார் சொன்னது? கூடுகிறது. அவருக்கு எப்படித் தெரிந்தது? எங்கள் தெருவில் ஒரு நாள் நடந்ததில்லை. யாரிடமும் பேசியதில்லை. வாக்கியத்தைப் பார்த்தே.

மாலை. அம்மா மூன்று வீடு முடித்து வந்து காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"இன்னாடி மூஞ்ச இப்டி வச்சினு கீற? அந்த மேடம் திட்டிச்சா?"

"நீ பேசினது நம்புற மாதிரி இல்லையாம்."

"நா இன்னா பேசினேன்?"

ஆங்கில வாக்கியத்தைத் தமிழில் சொன்னேன். கண்ணியம், இயந்திரம், எடைபோட்டது.

"யாரு சொன்னது இத?"

"நீதான்."

"நானா? எப்போ? ஜொரத்துலயா?"

பிறகு ஒலிப்பதிவைப் போட்டேன். அவள் குரலைக் கேட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஆம்பள கொரலு மாதிரி கீதுடி."

கேட்டுவிட்டேன். நான் உன் மகள் என்று அதில் எழுதட்டுமா?

"எழுதேன். போட்டோ வேணும்னாலும் போடு. அந்த மாம்பழக் கலர் பொடவையில எடுத்தமே, அது." ஒரு வாய் டீ. பிறகு டம்ளரைக் கீழே வைத்தாள். "இரு இரு. நாய்க்கு ஏசி போட்ட கதையும் அதுலதான கீது?"

"ஆமா."

"புக்குல உன் பேரு இருக்கும். உன் அம்மான்னா நான்தான்னு தெரிஞ்சிரும். நாய்க்கு ரூமு வச்சி ஏசி போட்டவ அந்த அபார்ட்மென்ட்லயே டாக்டரம்மா ஒருத்திதான். அவ படிக்க மாட்டா. அவ பொண்ணு படிக்கும். அதுவும் உன்ன மாதிரி என்னமோ பெருசா படிக்குது. வேணாம்பா. சாக்கு, போதும். உன் பேரு மட்டும் போட்டுக்கோ."

பேசுவதற்கு முன்னால் அவளிடம் ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருந்தேன். எல்லோரிடமும் வாங்குவதுதான். உங்கள் அடையாளம் வெளியே வராது என்று கீழே என் கையெழுத்து. அப்போது இருவரும் சிரித்தோம், அம்மாவும் மகளும் ஒப்பந்தம் போடுவதைப் பார்த்து.

நான் எங்கே நிற்கிறேன் என்று எழுதினால் அவள் எங்கே வேலை செய்கிறாள் என்று தெரிந்துவிடும். இதை அம்மா சொல்லும் வரை எனக்குத் தோன்றவில்லை. என் மானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 11, வெள்ளி

வெயில். எதிர்பார்க்காதது. ஸ்வெட்டரோடு போய் வேர்த்தது.

ம.வுடன் சந்திப்பு. அவருக்கு ஜலதோஷம். கையில் வெந்நீர் ஃபிளாஸ்க். வீட்டில் தமிழ் பேசுகிறவர், மெட்ராஸ். என்னிடம் எப்போதும் ஆங்கிலம். ஆங்கிலத்தில் இருவருக்கும் ஒரே "யூ". இங்கே எழுதும்போது அவருக்கு "நீங்கள்", எனக்கு "நீ" என்று தானாக விழுகிறது.

மொழிபெயர்ப்பு பற்றி நீங்கள் சொன்னது சரி, எல்லாவற்றையும் மறுபடி செய்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அடுத்த பெட்டி.

"இத்தனை பக்கத்தில் நீ எங்குமே இல்லை. ஏன் ஒளிகிறாய்?"

"அனிருத்தை இப்படிக் கேட்டீர்களா?"

தயார் செய்த வாக்கியம் அல்ல. வந்துவிட்டது.

"அனிருத்தைப் பற்றிப் பேச நாம் உட்காரவில்லை."

"அவனிடம் உங்களுக்குச் செடி போதும். என்னிடம் மட்டும் ஆள் வேண்டும்."

ஃபிளாஸ்க் மூடியைத் திருகினார். திருகி முடித்த பிறகும் திருகினார். "செடியை யாரும் வேலைக்கு வைப்பதில்லை. நீ உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதுகிறாய். படிக்கிறவன் கேட்பான்."

அதற்கும் பதில் இருக்கிறது. அனிருத்தின் செடிகளுக்கு யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். இப்போதுதான் தோன்றுகிறது, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. அங்கே தோன்றவில்லை.

அங்கே சொன்னது: "இந்த ஏழு பேரில் என் ஆட்கள் இருக்கிறார்கள். நான் யார் மகள், யாருக்குச் சொந்தம் என்று எழுதினால் அவர்கள் யார் என்று தெரியும். அவர்கள் பேசியது எந்த வீட்டைப் பற்றி என்றும் தெரியும். வெளியே வராது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்."

நிமிர்ந்து பார்த்தார். பிறகு, இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, தமிழில்:

"யாரும்மா? அம்மாவா?"

இளகிய குரல். அதைக் கேட்கக் கூடாது என்றுதான் இரண்டு வருடம் அல்சூர் பக்கம் என்று சொன்னேன்.

"என்கிட்டயாவது சொல்லலாமே."

"உங்க அபார்ட்மென்ட்ல எந்த ஆப், மேடம்?"

வெளியே யாரோ பிரிண்டரைத் தட்டினார்கள்.

"அதே ஆப்தான்," என்றார். "நான் ஸ்டார்லாம் போடறதில்ல."

"உங்க வீட்டுக்கு வர்றவங்களுக்கு அது தெரியுமா?"

முகம் மாறியது. இளகல் போனது. ஆங்கிலம் திரும்பியது. எனக்கு அதுவே சௌகரியம்.

"செவ்வாய் மதியத்துக்குள் திருத்திய வரைவு. நீ எங்கே நிற்கிறாய் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது. சொல்ல முடியாது என்றால், சொல்ல முடியாது என்பதையாவது அத்தியாயத்தில் எழுத வேண்டும். அது இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன்."

கான்டீனில் இரண்டு எக் பஃப்ஸ். டீ பாதி சாஸரில் கொட்டியது.

நல்ல யோசனை அது. சொல்ல முடியாது என்பதை எழுதுவது. எனக்கு வந்திருக்க வேண்டியது.

ஜூலை 12, சனி

தலைக்குக் குளித்தேன். துணி துவைத்தேன். காயவில்லை.

யார்மேல் கோபம்: முதலில் ம.; பிறகு அனிருத் (அவன் ஒன்றும் செய்யவில்லை, அதனாலேயே). டாக்டரம்மா. அவள் நாய் (பாவம்). "கண்ணியம்" என்று எழுதிய என் கை.

மதியம் தூங்கிவிட்டேன். கனவில்கூட ஓரத்தில் பெட்டிகள்.

ஜூலை 13, ஞாயிறு

அம்மாவுக்கு ஞாயிறு ஒரு வீடுதான். பதினொரு மணிக்கு வந்துவிட்டாள். அவள் பேசியதை அவள் பேசியபடியே எழுத்துக்குக் கொண்டுவந்தேன். தமிழ் மேலே, ஆங்கிலம் கீழே. ஓட்டல் வந்தது. சாம்பார் உப்பு வந்தது. பாலும் சிம்மும் வந்தன. அதை எழுதுபவள் யார், ஏன் அவளிடம் போய் அடுப்பை அணைக்கச் சொல்கிறாள் என்று படிக்கிறவன் யோசிக்கட்டும் என்று நினைத்தேன். பிறகு அதையே யோசித்து, வெட்டினேன். ஏழு பேரில் அடுப்பை அணைக்கச் சொன்னவள் ஒருத்திதான்.

கடைசியாக நாய்.

ஒலிப்பதிவில் அம்மா டாக்டரம்மாவைப் போலவே குரலை மாற்றிப் பேசுவாள். "ஆன்ட்டி, பப்பி ரூம்ல ஏசி ஆஃப் பண்ணிடாதீங்க, அவனுக்கு ஹ்யுமிடிட்டி ஒத்துக்காது." பிறகு தன் குரலில்: "எனுக்கு மட்டும் ஒத்துக்குதா? நா அந்த ரூம மட்டும் ரெண்டு தபா தொடைப்பேன். தொடைக்கற வரைக்கும் குளுகுளுன்னு இருக்கும்."

அத்தியாயத்திலேயே நல்ல இடம். ம.கூட அதன்மேல் பெட்டி போடவில்லை.

"எடுத்துரு," என்றாள் அம்மா.

"பூனைன்னு மாத்திடறேன்."

"பூனைக்கு யாருடி ஏசி போடுவா."

"உன்ன மகள்னே எழுதல, அம்மா. யாருக்கும் தெரியப் போறதில்ல. இது இல்லன்னா சாப்டரே சப்புன்னு ஆயிடும்."

"ஆவட்டும். அந்த வரி போனா நீ வேற ஒண்ணு எழுதுவ. அந்த வூடு போனா நா எங்க போவேன்? ஸ்டார் ஏற்கெனவே மூணு."

கத்தினேன். நீயும் அவங்க மாதிரியே வெட்டச் சொல்ற என்று. அவள் கறிக்குழம்பை இறக்கிவைத்துவிட்டு, "சரி, சோத்தத் துன்னுட்டு கத்து," என்றாள்.

சாப்பிட்டேன். நாயை எடுத்தேன். ம. வெட்டச் சொன்ன எந்தப் பத்தியும் இவ்வளவு வலிக்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

மழை. கரண்ட் இல்லை, மதியம் வரை. லேப்டாப்பில் சார்ஜ் இருக்கும் வரை மற்ற ஆறு பேர். எல்லோர் வாயிலிருந்தும் மனுவை எடுத்தேன். ஒருத்தி செக்யூரிட்டியைத் திட்டுவதை நான் "எதிர்ப்பு" என்று மொழிபெயர்த்திருந்தேன். உண்மையில் அவள் சொன்னது: "போடா பொறம்போக்கு, உன் பொண்டாட்டி நம்பரு இன்னான்னு கேளு மொதல்ல."

"ஆய்வாளர் களத்துக்குள் நுழைந்தபோது" போனது.

அந்த இடத்தில் வைத்தது, பல தடவை அடித்து எழுதிய பிறகு:

"இந்த ஏழு பேரில் சிலர் எனக்கு உறவு. யார் என்று சொல்லமாட்டேன். சொன்னால் அவர்கள் வேலை போகும். இந்த அத்தியாயத்திலிருந்து சில நல்ல வாக்கியங்களும் அதே காரணத்தால் நீக்கப்பட்டுள்ளன."

கடைசி வாக்கியத்தை ஆங்கிலத்தில் செய்வினையாக மாற்றினேன். "நீக்கப்பட்டன" இல்லை, "நீக்கினேன்". நான்.

ஜூலை 15, செவ்வாய்

காலையிலேயே அனுப்பினேன். சாயங்காலம் திரும்பியது. பெட்டிகள் குறைவு. ஓட்டல் மேற்கோளின் பக்கத்தில்: "இது பரவாயில்லை." அந்த ரெண்டு வார்த்தையை நாலு தடவை படித்தேன். வெட்கமாக இருந்தது. இந்த வயதில்.

என் பத்தியின் பக்கத்தில்: "'சிலர்' தெளிவில்லை. எத்தனை பேர்?"

பதில் பெட்டியில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. ஒன்று என்று எழுதினால் தேட ஆரம்பிப்பார்கள். ஏழு என்றால் பொய். எதுவும் எழுதாமல், முடிந்தது என்னும் டிக்கை அழுத்தினேன். பெட்டி மறைந்தது. இவ்வளவு சுலபம் என்று தெரியாமல் ஒரு வாரம்.

பிறகுதான் பயம். கையெழுத்து?

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மெயில். "அத்தியாயம் கமிட்டிக்குப் போய்விட்டது. நாளை பத்தரை. தாமதிக்காதே." அவ்வளவுதான்.

ஜூலை 16, புதன்

திருத்தங்களோடு அனுமதி. முதலில் அதை எழுதிவிடுகிறேன், அம்மா மாதிரி யாராவது "பாஸா ஃபெயிலா" என்று இடையில் கேட்காமல் இருக்க.

மூன்று பேர், ம.வைச் சேர்த்து. வெளிப் பல்கலையிலிருந்து வந்தவர் வயதானவர், அன்பான முகம். ஓட்டல் வாக்கியத்தை உரக்கப் படித்துச் சிரித்தார். அது அம்மாவின் சிரிப்பு வரும் இடத்திலேயே வந்தது. பிறகு என் பத்தி. கண்ணாடியைக் கழற்றினார்.

"மிகவும் நெகிழ்ச்சியான இடம். அந்த ஏழில் யார் யார் என்று எங்களிடம் மட்டுமாவது சொல்லலாமே? இந்த அறைக்குள்தானே."

"முடியாது சார்."

"ஆர்வத்தில் கேட்டேன்."

"தெரியும் சார்."

அவர் ம.வைப் பார்த்தார். ம. தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்காகப் பேசவில்லை. எனக்கு எதிராகவும் பேசவில்லை. "அடுத்த பக்கம் போகலாமா," என்றார்.

முடிந்ததும் திருத்தப் பட்டியல், ம. கைப்பட எழுதியது. அடிக்குறிப்புகள். இரண்டு நூல்கள் விடுபட்டவை. பக்க எண்கள். மூன்றாம் பகுதி நீளம். கடைசியில்: "தகவலாளிகளுடன் ஆய்வாளரின் உறவைத் தெளிவுபடுத்துக."

வராந்தாவில் கேட்டேன். இதையும் எழுதினீர்களா என்று.

"கமிட்டி சொன்னதை எழுதினேன்," என்றார், ஆங்கிலத்தில். மூக்கைத் துடைத்துக்கொண்டு படி இறங்கிப் போனார். நன்றி சொல்லவில்லை நான். நன்றாகச் செய்தாய் என்று அவரும் சொல்லவில்லை.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கோபம் அப்படியே இருக்கிறது, ஆனால் அதற்கு உட்கார இடம் கிடைத்ததுபோல.

வீடு. பட்டியலின் அந்தக் கடைசி வரியைப் பேனாவால் அடித்தேன். பக்க எண்களைச் சரிசெய்ய உட்கார்ந்தேன்.